தோட்டத்தில் அடிதடியே இல்லையா, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், சமுதாயத்தில் பெருகிவரும் குற்றங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எழுதியவர் படித்தவர், பெரிய மனிதர். அவர் சொன்ன பலவற்றில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி. மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை நம் தமிழர்களிடம் அடிதடியே கிடையாதாம், கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோமாம், பட்டணத்துக்கு வந்த பிறகுதான் எல்லாம் கெட்டதாம். நீங்களும் அந்த வரியைத் தனியாக எடுத்து, பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து என் மனசு ஆறவில்லை.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பிறகு காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸருக்கு உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ரப்பர் போய் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, ஆட்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். இருக்கிறவர்களின் மானத்தை நான் ஏன் வாங்க வேண்டும்?

பெரிய சம்பளம் போட்ட மறுநாள் விடியற்காலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று பார்த்திருந்தால் அந்தக் கட்டுரையாளர் அப்படி எழுதியிருக்க மாட்டார். பால்மரம் வெட்டும் பெண்கள் எல்லாருமே தலையில் துணி கட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் சிலருக்கு அந்தத் துணி கண் வரைக்கும் இறங்கியிருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும், கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கு ராத்திரியே தெரியும். லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் கிடையாது. ஒரு வீட்டுச் சத்தம் எட்டு வீட்டுக்குக் கேட்கும். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

வெட்டு முடிந்து, பாலை எடை போட்ட பிறகுதான் எங்களிடம் வருவார்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லையே. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயர், வயது, காயம், காரணம் என்று வரிசையாக எழுதவேண்டும். காரணத்துக்கு நேரே டிரஸ்ஸர் 'விழுந்தது' என்று எழுதுவார். கீழே விழுந்தவளுக்கு உள்ளங்கை சிராய்க்கும், முட்டி சிராய்க்கும். இவர்களுக்கு அடி முன்கையின் வெளிப்பக்கத்தில் இருக்கும். முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கியிருப்பார்கள். பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அடிபட்ட ஒரு பெண்ணுக்குக் கை வீங்கி வளையல் கழற்ற முடியவில்லை. சோப்பு நுரை போட்டுப் பார்த்தோம், வரவில்லை. கடைசியில் குறட்டால் வெட்டி எடுத்தோம். அவள் வலிக்கு அழவில்லை, ஐயா. வளையல் போனதற்குப் புருஷன் இன்னும் அடிப்பாரே என்று அழுதாள். அந்தப் புத்தகத்திலும் 'விழுந்தது' என்றுதான் இருக்கும், புத்தகம் எங்கேயாவது இருந்தால்.

இன்னொருத்தி துணிந்து பஸ் ஏறி, டவுனில் போலீஸ் நிலையத்துக்கே போனாள். புருஷன் பெண்டாட்டி விஷயம், 'பாலிக் ரூமா', வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, தோட்டத்திலாவது நியாயம் உண்டா என்றால், கோயிலில் பஞ்சாயத்து. சூடத்தை ஏற்றி, இனி தொடமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கினார்கள். அடுத்த சம்பளம் வரைக்கும் அந்தச் சத்தியம் தாங்கியது. இதெல்லாம் எந்தக் கணக்கில் ஏறியது? உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்ததா? வராத காரணத்தால் இல்லை என்று ஆகிவிடுமா?

குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, 1996-ல்தான் அமலுக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு முன்னால் இப்படி ஒரு புகாரைத் தனியாகக் கொடுக்கவே வழியில்லை. இன்று ஒரு பெண் புகார் கொடுக்கிறாள், அது செய்தியாகிறது. உடனே காலம் கெட்டுப்போச்சு என்கிறோம்.

குற்றங்கள் பெருகுகின்றன என்று அட்டையிலேயே போடுகிறீர்களே, முக்கியக் குற்றங்களை மட்டும் எண்ணிப் போலீஸ் தரும் குறியீட்டுக் குற்றக் கணக்கை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? 2009-ல் அது 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கோவிட்டுக்கு முன்பே, 2019-ல், 83,456-க்கு இறங்கிவிட்டது. 2020-ல் 65,623. அது எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்த வருடம், தெரிந்ததுதான். ஆனால் அதே வருடம் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான 15999 தாலியான் காசே எண்ணுக்கு வந்த அழைப்புகள் கூடின. தெருவில் குறைந்தபோது வீட்டில் கூடியது. குறியீட்டுக் கணக்கில் கொலை, கொள்ளை, காயம், திருட்டு எல்லாம் உண்டு. புருஷன் அடித்தது என்று அதில் தனி வரி கிடையாது. எது கூடியது, எது குறைந்தது என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

கும்பல் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைப் பட்டியல் போட்டபோது, உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் நம் பிள்ளைகள் என்றார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தை விற்று, நிலமும் இல்லாமல் வீடும் இல்லாமல் ஜனங்களை வெளியே தள்ளியதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. அதுவரைக்கும் கட்டுரையாளர் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பையன்கள் பாராங் கத்தியைத் தூக்கிய பிறகுதான் அடி என்பதையே பார்த்தார்களா? அம்மா முன்கையைத் தூக்கி முகத்தை மறைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லையே.

அப்புறம், உங்கள் பத்திரிகை மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம். மனைவியைக் கணவன் வெட்டிக் கொன்றான் என்று செய்தி போட்டால், இரண்டாவது வரியிலேயே அவள் நடத்தையில் அவனுக்குச் சந்தேகம் இருந்தது என்று வந்துவிடுகிறது. செத்தவளால் மறுத்துப் பேச முடியுமா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாயைத் திறந்து கதறுகிற படத்தை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். கும்பல் சாவு ஊர்வலத்தை மலர்வளையத்தில் இருக்கும் கும்பல் எண்ணோடு படம் பிடித்துப் போடுகிறீர்கள். அந்த எண்ணுக்கு அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? இதைப் பற்றி முன்பே எழுதினேன். அந்தக் கடிதம் பத்திரிகையில் வரவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

எங்கள் ஊரில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்த பிறகு வெளியூர்ப் பெண் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் உங்கள் தலைப்புகளைப் படித்துவிட்டு, பீடோங்கில் ராத்திரி வெளியே போகலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். பயப்பட வேண்டியது இருட்டு ரோட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே பீடோங் வட்டாரத்தில்தான் 1947-ல் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். போலீசோடு மோதல் ஆகி ஒரு தொழிலாளி உயிர் போனது. என் அப்பா இதைச் சொல்லாத தீபாவளி கிடையாது. சம்பளம் கள்ளுக்கடைக்கும், அடி வீட்டுக்கும் வந்ததைப் பார்த்து வெந்துபோய்த்தான் அவர்கள் கிளம்பினார்கள். தோட்டத்தில் அடிதடியே கிடையாது என்று எழுதினால், அந்த மனிதர்கள் எதற்காக வெயிலில் போய் நின்றார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரியைக் கட்டம் கட்டிப் போட்டது போல, 15999 என்ற எண்ணை, எந்த நேரமும் கூப்பிடலாம் என்ற குறிப்போடு, வாராவாரம் ஞாயிறு மலரில் ராசிபலனுக்குக் கீழே போடுங்கள். அந்தப் பக்கத்தை வீட்டில் பெண்கள்தான் முதலில் புரட்டுவார்கள். கடிதம் நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் பற்றி எழுதியதை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து ஆஸ்பத்திரி ஊழியர்,
பீடோங், கெடா.