பத்து எண்ணுறதுக்கு நேரம் யார் குடுப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வேலை டென்ஷன குறைக்க பத்து வழின்னு ஒண்ணு போட்டிருந்தீங்க, அத எங்க டீம் லீடர், அதான் டிஎல், கத்திரிச்சு ஃப்ளோர் நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாரு. மூச்ச நல்லா இழுத்து பத்து எண்ணி விடணுமாம். நாங்க கஸ்டமர் கேர்ல ஃபோன் பேசுறவங்க, எங்களுக்கு ஒரு ஃபோன் கால் முடிஞ்சு அடுத்த கால் வர்றதுக்குள்ள பத்து எண்ண முடியாது சார். காதுல ஒரு பீப் கேக்கும், அவ்ளோதான், அடுத்தவர் லைன்ல இருப்பாரு, நாம எடுக்கணும்னு கூட இல்ல, அதுவா கனெக்ட் ஆயிடும்.

நான் ஆறு வருஷமா ஒரு பிராட்பேண்ட் கம்பெனியோட தமிழ் லைன்ல இருக்கேன். ஒரு கால இத்தன நிமிஷத்துல முடிக்கணும், நடுவுல பேசாம இருந்தா டெட் ஏர்னு மார்க் போகும், ஹோல்டுல ரொம்ப நேரம் வெச்சா மார்க் போகும், குரல்ல எரிச்சல் தெரிஞ்சா மொத்த காலும் ஃபேட்டல், அதாவது ஜீரோ.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்ப பள்ளிக்கரணைல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, கரண்ட் கெடையாது, அம்மாவ மாடி வீட்ல விட்டுட்டு நாலாவது நாள் ஆஃபீஸ் போனேன். ஸ்க்ரீன்ல பாத்தா அத்தன கால் வெயிட்டிங். அன்னைக்கு ஒருத்தர், வயசானவர் குரல்தான், "ஏசி ரூம்ல உக்காந்துட்டு கத விடாத, உன் வீட்ல நாலு நாள் கரண்டும் நெட்டும் இல்லன்னா தெரியும்"னு கத்துனாரு. என் வீட்ல அப்ப ரெண்டுமே இல்ல. அத சொல்லக்கூடாது, சொந்தக் கத பேசுனா ஆடிட்ல மாட்டிக்கும். "உங்க சிரமம் புரியுது சார்"னு ஸ்க்ரிப்ட்ல இருக்கறத சொன்னேன். அதுக்கு இன்னும் கத்துனாரு. அவர் மேல எனக்கு இப்ப கோவம் கெடையாது, அவர் வீட்லயும் தண்ணிதான் நின்னுருக்கும், ஆனா அந்த கால் முடிஞ்ச உடனே அடுத்த பீப் வந்துச்சு பாருங்க, அதத்தான் இன்னும் மறக்க முடியல.

சமாளிக்கறதுக்கு எங்களுக்குள்ளயே சில வழி இருக்கு, எந்த ட்ரெய்னிங்லயும் சொல்லித் தரல, பக்கத்து சீட் அக்கா ஒருத்தங்க சொல்லிக் குடுத்தது. கத்துறவங்கள நடுவுல வெட்டாத, அவங்க மூச்சு வாங்குற வரைக்கும் விடு. அப்புறம் நீ மெதுவா, சன்னமா பேசு, உன் குரல கேக்கணும்னா அவங்க குரல எறக்கித்தான் ஆகணும். முதல்லயே சாரி சொல்லாத, கம்ப்ளெய்ண்ட் நம்பர சொல்லு, கையில ஒண்ணு கெடச்சுட்டா பாதிப் பேர் அடங்கிடுவாங்க. இது நெஜமாவே வேலை செய்யுது. ஆனா "வாடி போடி"ன்னு ஆரம்பிக்கறவங்ககிட்டயும், நைட் பதினோரு மணிக்கு சும்மா பொண்ணு குரல் கேக்கணும்னு கூப்பிடுறவங்ககிட்டயும் இதெல்லாம் எடுபடாது. அப்போ மியூட் பட்டன்தான். மியூட்ல போட்டு ரெண்டு வார்த்த நல்லா திட்டிட்டு வருவோம், அதுவும் டெட் ஏர் ஆகறதுக்குள்ள.

என் தங்கச்சி தி.நகர்ல ஒரு துணிக்கடைல நிக்கிறா. 2021-ல தமிழ்நாடு கடைகள் சட்டத்த திருத்தி, நிக்கிற ஆளுங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு கொண்டுவந்தாங்க, அவ கடைலயும் ஸ்டூல் வந்துச்சு (கூட்ட நேரத்துல அதுல உக்கார விடுறாங்களான்னு கேக்காதீங்க). காலுக்கு ஒரு சட்டம் வந்த மாதிரி காதுக்கும் ஒண்ணு வேணும் சார். தென் கொரியால 2018-லயே, கஸ்டமர் அசிங்கமா பேசுனா அந்த ஊழியருக்கு வேலைய நிறுத்தி ஓய்வு குடுக்கறது முதலாளி பொறுப்புன்னு சட்டத்துல சேத்துட்டாங்க. நாங்க கேக்கறது ரொம்ப சின்னது. கெட்ட வார்த்த வந்தா ரெண்டு தடவ எச்சரிச்சிட்டு லைன கட் பண்ண உரிமை வேணும், அப்புறம் அஞ்சு நிமிஷம் ஹெட்செட்ட கழட்டி வெக்க விடணும், அந்த அஞ்சு நிமிஷத்த எங்க பிரேக்ல கழிக்கக்கூடாது.

கவுன்சிலிங் இருக்கேன்னு சொல்வாங்க. இருக்கு, அரசோட மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசுவாங்க, நானே ஒரு தடவ பேசிருக்கேன், நல்லாத்தான் கேட்டாங்க. ஆனா லைன வெக்கும்போது, இந்தப் பொண்ணுக்கும் அடுத்த கால் காத்திருக்குமேன்னுதான் தோணுச்சு.

உங்க வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். பேசி முடிச்சதும் ரேட்டிங் கேட்டு ஒரு எஸ்எம்எஸ் வருமே, நெட் சரியாகல, கம்பெனி மோசம்னு அதுல ஒண்ணுன்னு மார்க் போடுறீங்க. எங்க ஆஃபீஸ்ல அந்த ஒண்ணு கம்பெனி கணக்குல ஏறாது, பேசுன ஆளோட கணக்குல ஏறும், அந்த மாச இன்சென்டிவ் அதோட காலி. கம்பெனி மேல கோவம்னா கம்ப்ளெய்ண்ட் நம்பர வாங்கி மேல அப்பீல் போடுங்க, அதுக்குன்னு தனி நம்பர் வெச்சிருப்பாங்க, எங்ககிட்டயே கேளுங்க, சொல்லுவோம்.

பேர் போட வேண்டாம் சார், டிஎல் உங்க பேப்பர தெனமும் படிக்கிறாரு.

இப்படிக்கு,
கஸ்டமர் கேர் ஊழியை,
பள்ளிக்கரணை, சென்னை.