குடியாத்தம் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வலிப்பு நோயால் பட்டாளத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்ட என் கணவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு நாங்கள் செய்த மேல்முறையீடு ஜெயித்துவிட்டது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. படித்துப் படித்து அழுதுகொண்டிருக்கிறேன். எங்கள் வீடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்ல மனமில்லை. நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் குடியாத்தம் அக்கா. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவர், அவ்வளவுதான். என் மடியிலிருந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள் இருக்கிறதாம்மா?" என்று கேட்டார். வலிப்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, என்ன மாத்திரை, ஊனம் எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். சேர்ந்த அன்று அவர் எப்படி இருந்தார் என்று யாருமே கேட்டதில்லை.

பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்தார். தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அவரும் வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டவர். அவருக்கும் 20 சதவீதம்தான். அந்தத் தீர்ப்புப்படி, சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசு. மருத்துவக் குழு மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தார். எங்கள் கடிதத்தில் இருந்தது ஒரே வரி: பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல. "காரணம் எங்கே?" என்று விரலை வைத்துக் கேட்டார். எங்கேயும் இல்லை.

"வைத்துக்கொள், எனக்கு மனப்பாடம்" என்று கட்டை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் கணவரின் வழக்கு இன்னும் முடியவில்லை. தனக்கே கிடைக்காத ஒன்றுக்கு வழிகாட்ட எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

தீர்ப்பு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கேட்காத வழக்கறிஞர், பழைய பதிவுகளைத் தேடி வாங்க வழி சொன்ன ரெஜிமெண்ட் நண்பர்கள், நான் சென்னைக்குப் போன நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நாத்தனார், இவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் நன்றி. 20 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்றும் உத்தரவில் இருக்கிறது. மருந்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை இனி.

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். இதே ஒற்றை வரிக் கடிதம் எத்தனை டிரங்குப் பெட்டிகளில் மடித்துக் கிடக்கிறதோ! முதல் 'இல்லை'யோடு திரும்பிவிட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தக் கடிதத்தோடு யார் வந்தாலும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்வேன். அக்காவின் தாள்களைப் பல பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா, உங்கள் விசாரணைத் தேதி வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் உங்களோடு சென்னைக்கு வருகிறோம்.