நெய் அளந்தவர் பெயரும் கல்லில் இருக்கட்டும்

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் தலைவர், செயலர், விருதுக் குழுவினர் எல்லோருக்கும்,

வணக்கம். நான் 1984இல் சேர்ந்து 1987இல் படிப்பை முடித்த வரலாற்று வகுப்பு மாணவன். சேரன்மகாதேவிக்காரன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நெல்லையிலும் பாளையிலும் உள்ள மற்றக் கல்லூரிக்காரர்கள் படித்தால், தங்களுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த ஆண்டு விருதுக்கான அறிவிப்பும் விண்ணப்பப் படிவமும் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தன. ‘வகிக்கும் பதவி’, ‘ஆண்டு வருமானம்’, ‘இதுவரை பெற்ற விருதுகள்’ என்று கட்டங்கள். கீழே ‘தங்கள் சாதனைகளை 300 சொற்களில் விவரிக்கவும்’. விருது வேண்டுமென்றால் அவரவரே தன்னைப் பற்றி எழுதிப் போட வேண்டும்! ‘தன்னைத் தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை’ என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அந்தக் கொழுக்கட்டைக்கு நீங்கள் படிவம் அச்சடித்திருக்கிறீர்கள்.

என்னோடு படித்த ஒரு பெண், காரையாறு பக்கம் காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். மழைக்காலத்தில் பாபநாசம் மலை ஏறிப் போய் வருவது என்றால் என்ன பாடு என்று போனவர்களுக்குத்தான் தெரியும். படிவத்தை அவருக்கு அனுப்பினேன். மறுநாள் போனில் சொன்னார்: “நானே என்னைப் பத்தி 300 வார்த்தை எழுதணுமாக்கும்? வெக்கமா இருக்கு. நீ வேணா போடு.” நான் போட்டிருந்தாலும் செல்லாது, விண்ணப்பதாரரின் கையெழுத்து கட்டாயம் என்று இருக்கிறதே.

நம் மாவட்டத்திலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலி இந்துக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி அதன் பள்ளிப் பிரிவில் படித்தவர். கல்லிடைக்குறிச்சியில் பிறந்த வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அங்கே படித்து, பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். புதுமைப்பித்தன் 1931இல் அங்கே பி.ஏ. முடித்தார், அவர் பிறந்தது 1906, ஆக அப்போது வயது 25. இந்த மூன்று பேரும் உங்கள் படிவத்தை நிரப்பினால் என்ன ஆகும்? சாஸ்திரி தேறிவிடுவார், பேராசிரியர், பத்மபூஷண் எல்லாம் இருக்கிறது. மற்ற இருவரும் ‘ஆண்டு வருமானம்’ கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். 39 வயதைத் தொடாமல் பாரதி போனார், 42 வயதில் புதுமைப்பித்தன் போனார். இருக்கும்போது கூப்பிட்டு ஒரு மாலை போடுவதற்குத்தானே ஆண்டுதோறும் விருது என்று ஒன்றை வைத்திருக்கிறோம்?

அடுத்து, கொடையாளர் விருது. போன வருஷம் அதை வைரம், தங்கம், வெள்ளி என்று பிரித்திருந்தீர்கள். தொகைதான் அளவுகோல். நகைக்கடைச் சீட்டுக்கு வைக்கும் பெயர் மாதிரி இருந்தது. பணம் கொடுப்பவரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். விடுதிக் கூரை ஒழுகியபோது தார்ப்பாய் போட்டுக்கொண்டு படுத்தவன் நான். புதுக் கூரைக்குப் பணம் தந்தவர் எவரானாலும் அவருக்கு என் கும்பிடு. பாளையில் சாரா தக்கர் கல்லூரி இருக்கிறது. 1895இல் கல்லூரியானது. அந்தப் பெயருக்குரிய அம்மையார் இங்கிலாந்தில் இருந்தவர், நம் ஊர் மண்ணை மிதித்ததே கிடையாது. இங்கே பெண்கள் படிக்க வேண்டும் என்று அங்கிருந்தே பாடுபட்டார். அவர் இறந்தபின் அவர் நினைவாகத் திரண்ட பணமும் இங்கே வந்தது. இத்தனை தலைமுறைப் பெண்கள் அந்தப் பெயரைச் சான்றிதழில் சுமந்துகொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். வைரமா வெள்ளியா என்று அவரை யாரும் தரம் பிரிக்கவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலத்தில் நூலகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. செங்கோட்டைப் பாசஞ்சரில் வரும் எங்களைப் போன்ற பையன்கள் காலையிலேயே ஜங்ஷனில் இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் கல்லூரி வாசலில் வந்து நிற்போம். நூலகம் திறப்பது ஒன்பதரைக்கு. அண்ணாச்சி எட்டுக்கே வந்து பின் கதவைத் திறந்து வைப்பார். “சத்தம் போடாம உக்காருங்கல. லைட்டப் போடாதீய, சன்னல் பக்கமா இருந்து படிங்க” என்பார். பரீட்சை நேரத்தில் வெளியே கொண்டுபோகக் கூடாத தடித்த புத்தகங்களைத் தம் பெயரில் எழுதி ராத்திரிக்குக் கொடுத்து விடுவார். காலையில் பாசஞ்சர் வந்ததும் முதல் வேலையாகத் திருப்பித் தர வேண்டும். பச்சை அட்டைப் பதிவேடு, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும். அதில் வரிசையாக அவர் பெயரே இருக்கும். அந்தக் கல்லூரியில் வரலாற்றுப் பாடப் புத்தகங்களை ஆக அதிகம் படித்தவர் யார் என்று பதிவேட்டைக் கேட்டால், எட்டாம் வகுப்போடு நின்ற அண்ணாச்சியைத்தான் கைகாட்டும். ஒருமுறை யாரோ ஒருவன் புத்தகத்தைத் தொலைத்துவிட, அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். யார் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. (நான் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். அவர் இப்போது சங்கத்தில் ஆயுள் உறுப்பினர்.)

போன வருஷ விழாவுக்கு அண்ணாச்சியும் வந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கடைசி வரிசை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரரின் பெயர்கூட வந்தது. ஓய்வு பெற்ற ஊழியர்கள் ‘மற்றும் பலர்’ ஆனார்கள். பிறகு சாப்பாடு. பதிவுக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் மஞ்சள் கூப்பன் என்று வாசலில் நின்ற பையன் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். என் கூப்பனை நீட்டினேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து மடக்கி, “எனக்கு சுகர் தம்பி. வீட்டுக்குப் போயிக் கஞ்சி குடிச்சுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். உள்ளே பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பில் நான் வருஷாவருஷம் நடத்திய பாடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காக ஒருவர் ஆடுகளைக் கொடை கொடுப்பார். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டுவார்கள். ஆடு சாகத்தான் செய்யும், கிழடும் ஆகும். ஆனால் குட்டிகளைச் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட இடையரின் பெயரும் பல கல்வெட்டுகளில் இருக்கிறது. ஆடு கொடுத்தவர் ஒரு நாள் கொடுத்தார். நெய் அளந்தவர் தினமும் அளந்தார். கல் இரண்டு பேரையும் எழுதி வைத்தது. உங்கள் விருதுப் பலகையில் நெய் அளந்தவருக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே இந்த ஆண்டே மாற்றக் கூடியவற்றைச் சொல்கிறேன். விருதுக்கு அவரவரே விண்ணப்பிக்கும் முறையை எடுத்துவிடுங்கள். கூடப் படித்தவர்கள், பாடம் நடத்தியவர்கள், அவரால் பயன்பட்டவர்கள் பெயரைச் சொல்லட்டும். சொல்பவர் கையெழுத்துப் போட்டால் போதும். வருமானக் கட்டத்தை அடித்துவிடுங்கள். கொடையாளர் எல்லோரையும் அகர வரிசையில் ஒரே பட்டியலில் போட்டு நன்றி சொல்லுங்கள்; பெருந்தொகை தந்தவர் இதற்காகக் கோபித்துக்கொள்வார் என்றால் அவர் கோபித்துக்கொள்ளட்டும். ‘உறுதுணை விருது’ என்று ஒன்றை வைத்து, பணம் தவிர வேறு வழியில் கல்லூரியைத் தாங்கியவருக்குக் கொடுங்கள். ஆய்வக உதவியாளர், விடுதிச் சமையல்காரர், வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பரீட்சை நேரத்தில் கடனுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவர் என்று ஆளுக்கா பஞ்சம்?

அப்புறம் அந்தக் கண்ணாடி ஷீல்டு. எங்கள் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன, தூசி துடைக்க ஆள் இல்லை. பத்தமடை நம்மிடமிருந்து கூப்பிடு தூரம். கோரையை மயிரிழையாகக் கிழித்துப் பருத்தி நூல் பாவில் நெய்யும் அந்தப் பாயில், வாங்குபவர் பெயரையே நெய்து தருவார்கள்; கல்யாணத்துக்குச் செய்கிறார்களே. காசும் நம் ஊர்க் கைகளுக்கே போகும். மேடைக்கு வர முடியாத வயதில் இருப்பவர் வீட்டுக்கு நான்கு பேர் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். சிறப்பு விருந்தினரின் விமான நேரத்தைப் பார்த்து விழாத் தேதி குறிப்பதும் அதோடு குறையும்.

சாப்பாட்டுக்குக் கூப்பன் வேண்டாம். நம் ஊரில் கோயில் கொடைவிழாவுக்கு வந்தவரிடம் சீட்டு கேட்டு இலை போடுவார்களா?

இந்த மடலோடு ஒரு தாளை இணைத்திருக்கிறேன். உறுதுணை விருது வந்தால் முதல் பெயராக அண்ணாச்சியை முன்மொழிந்து, எங்கள் வகுப்பில் 14 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். புத்தகம் தொலைத்தவரும் போட்டிருக்கிறார். அண்ணாச்சிக்கு இது தெரியாது. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதனால் கேட்காமல் நேரே போய்ச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குப் போனால் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சர்க்கரை இல்லாத காப்பி கொடுப்பார், குடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவியிலிருந்து,
1984–87 வரலாற்று வகுப்பு மாணவன்