வாட்ச் கட்டிய கை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். மருமகளும் பாப்பாவும் சுகமா? உன் இருமல் தேவலையா? போன வாரம் பாப்பாதான் போனை எடுத்தாள். "அப்பா வெளிய போயிருக்காங்க தாத்தா" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். சித்தரத்தையைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் குடி. ஐஸ் தண்ணீரைத் தொடாதே.

மாட்டுத்தாவணி நக்கீரர் தோரணவாயிலை 2025 பிப்ரவரியில் இடித்தார்கள் இல்லையா, அன்றைக்குப் பீரோவிலிருந்து எடுத்த போட்டோ இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. 1981 ஜனவரி, அந்த வாயிலைக் கட்டிய ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது எடுத்தது. எம்.ஜி.ஆரைப் பார்த்தே தீருவதென்று கூட்டாளிகள் ஆறு பேரும் தமுக்கம் மைதானக் கூட்டத்தில் நசுங்கி, ஒன்றும் தெரியாமல் திரும்பி, வழியில் ஒரு ஸ்டுடியோவில் ஏறினோம். எல்லோருக்கும் நாய்க்காது காலர், பெல்பாட்டம். நடுவில் நான், இடது கையை முழங்கால்மேல் நீட்டி வைத்திருக்கிறேன். "அப்பா வாட்ச்" என்று நீ விரல் வைத்துக் காட்டுவாய். அது என்னுடையது இல்லை. செல்லூர் மாமாவின் ஹெச்.எம்.டி. படம் பிடிக்கும் நேரத்துக்குக் கழற்றி என் கையில் கட்டிவிட்டான். வார் லூசாகி டயல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது பார். எனக்குப் பின்னால் நிற்கிறவன் அவன்தான். வெறுங்கை, என் தோள்மேல்.

அந்த ஆறு பேர் பிள்ளைகளில் முதலில் இன்ஜினியரானது நீதான். டவுன் ஹால் ரோடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் பொங்கலுக்கும் நீ வரவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பாப்பாவைத் தோளில் தூக்கிக் காட்டலாம் என்றிருந்தேன், அதற்கும் வரவில்லை. மருமகளைக் கேட்டால் வேலை நெருக்கடி என்கிறாள். வேலை இருந்தால் நெருக்கடி இருக்கும்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

1993-ல் உனக்கு ஏழு வயது. விசைத்தறி வந்து செல்லூர் மாமா வீட்டுத் தறி நின்றுபோன சமயம். இரண்டு தடவை கைமாற்று வாங்கிப்போனான். மூன்றாம் தடவை சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு, "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று உன்னை அனுப்பினேன். நீ போய்ச் சொன்னாய். கொண்டுவந்த காராச்சேவுப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என் செருப்பு வாசலில்தான் கிடந்தது. பார்க்காமலா இருந்திருப்பான்? அப்புறம் அவன் வரவே இல்லை. நானும் போகவில்லை. அவன் செத்த துட்டிக்குத்தான் அந்த வீட்டு வாசலை மிதித்தேன்.

அந்தப் பொய்யை உன் வாயில் வைத்தவன் நான்தான் தம்பி. பாப்பா சொன்னபோது அப்படியே உன் குரல். பின்னால் இருமியது யார் என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணுகிறேன். நீயே எடு. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம், எடு. அம்மா சித்தரத்தை கட்டி வைத்திருக்கிறாள், நாளைக்குக் கூரியரில் போடுகிறேன்.

அப்பா