பொத்தானை அழுத்தவில்லை, எழுதித் தருகிறேன்

அன்புள்ள தம்பி,

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில், ‘இவருக்கு இந்தத் திறன் உண்டு’ என்று பொத்தானை அழுத்தி உன் திறன்களுக்கு ‘என்டார்ஸ்’ கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. ஒரு நொடி வேலைதானே, அண்ணன் ஏன் இன்னும் செய்யவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கலாம். அதை நான் செய்யப்போவதில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் பக்கத்தைப் பார்த்தேன். ஜாவா, எஸ்க்யூஎல், தலைமைப் பண்பு என்று ஒவ்வொன்றுக்கும் கீழே நிறையப் பெயர்கள். பலரை எனக்கும் தெரியும். உன் சித்தப்பா மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். கல்லூரியில் உன் அறைத்தோழன் இப்போது மருந்து விற்பனையில் இருக்கிறான். நீ எழுதிய ப்ரோகிராமில் ஒரு வரிகூட இவர்கள் பார்த்ததில்லை. இவர்கள்மேல் குற்றமும் இல்லை. 2012இல் இந்த வசதி வந்தபோது, ‘இவருக்கு இந்தத் திறன் உண்டா?’ என்று அந்தத் தளமே முந்திக்கொண்டு கேட்டது. தெரிந்த முகமாயிற்றே என்று அன்போடு அழுத்திவிட்டுப் போனார்கள். பதிலுக்கு நீயும் அழுத்தியிருப்பாய். மொய் எழுதித் திருப்பிச் செய்வதுபோல ஆகிவிட்டது. மொய்யிலாவது கொடுப்பவர் கையிலிருந்து காசு போகிறது.

என் ஆதங்கம் வேறு. உன் முதல் டீம் லீட் கொடுத்த ஒப்புதலும் அதே வரிசையில்தான் கிடக்கிறது. யாரையும் லேசில் பாராட்டாத மனுஷர் அவர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதுவும் ஒன்று, கப்பலிலிருந்து வந்ததும் ஒன்று. ஆள் எடுக்கிறவர் அவசரமாகப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே தாண்டிப் போய்விடுகிறார்.

நம் முன்னோர் இதில் கறாராக இருந்தார்கள். ஒரு நூலையும் அதைச் செய்தவரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தை யார் சொல்லலாம் என்று இலக்கண நூலான நன்னூல் நான்கு பேரைக் குறிக்கிறது: நூல் செய்தவரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவர் மாணவர், தகுதியான உரைகாரர். நால்வரும் அந்த ஆளையோ நூலையோ கிட்டேயிருந்து அறிந்தவர்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பது மரபு. நூலை அதங்கோட்டாசான் கேட்ட செய்தியும் அந்தப் பாயிரத்திலேயே இருக்கிறது. குறை கண்டால் நிறுத்திக் கேட்கக்கூடியவர் முன்னால் வைத்து வாங்கிய ஏற்பு அது.

லிங்க்ட்இன்னிலேயே ‘ரெகமெண்டேஷன்’ என்று எழுத்தில் தரும் பரிந்துரை ஒன்று இருக்கிறதே, அதை நான் எழுதுகிறேன். அதில் என் பெயரும், உன்னோடு நான் எந்த வகையில் வேலை பார்த்தேன் என்பதும் சேர்ந்தே நிற்கும். பொய் சொன்னால் கெடுவது என் பெயர்.

சம்பளக் கணக்கு ஓடாமல் நின்றுபோன அந்த இரவைப் பற்றி எழுதுவேன். பிழை உன் பகுதியில் இல்லை என்று தெரிந்தும் நீ கிளம்பவில்லை. டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் க்வெரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓட்டிப் பார்த்து, தேடலை வேகமாக்கும் ஒரு இண்டெக்ஸ் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தாய். மறுநாள் மீட்டிங்கில் அதை விட்டவன் பெயரை நீ எடுக்கவேயில்லை. எனக்கு உன்னை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். தலைமைப் பண்பு பற்றி எழுத மாட்டேன். நீ ஒரு குழுவை நடத்தி நான் பார்த்ததில்லை.

எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாய் என்று மட்டும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். என் போன் நம்பரையும் அவர்களிடம் கொடு. கேட்டால் இதையே நேரிலும் சொல்வேன்.

அன்புடன்,
அண்ணன்