பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள் பேய் பார்க்கப் போனேன்

எடின்பரோ
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள குண்டு,

பெரியவளும் பேரனும் நலம். பிள்ளைக்குச் சம்பந்தி வீட்டு மூக்கு. அதற்கு நான் பொறுப்பில்லை. பூண்டுக் குழம்பு வைக்கிற நாளில் மாடிப்படி முழுக்க மணக்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார், பாவம். உன் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாயா, இல்லை இன்னும் அந்தத் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறாயா? மேட்ரன் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று விவரமாக எழுது. போட்டோ அனுப்பித் தப்பித்துக்கொள்ளாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பேய் பார்க்கப் போனேன். காசு கொடுத்து, டிக்கெட் வாங்கி, கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு, ராத்திரி வேளையில். மாப்பிள்ளையின் ஏற்பாடு. "அத்தை, வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள்" என்றார். காலமெல்லாம் நைட் டியூட்டி பார்த்தவளுக்குப் பொழுதுபோக்கப் பேய்! மறுத்தால் மனம் வருந்துவார் என்று கிளம்பினேன்.

இந்த ஊரில் இது பெரிய தொழில். கோட்டையிலிருந்து அரண்மனை வரை இறங்குகிற தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். இரண்டு பக்கமும் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து சந்தாகப் போகிறது. பொழுது சாய்ந்ததும் கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் கையில் விளக்கோடு வந்து நிற்கிறார்கள். ஒரு கூட்டம் பாலத்தின் அடியில் இருக்கிற நிலவறைக்கு, ஒரு கூட்டம் கல்லறைத் தோட்டத்துக்கு, இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு அதற்கொரு விலை. எங்களுக்கு வாய்த்தவள் நாடகம் படிக்கிற பெண். கெட்டிக்காரி. பயங்கரமான இடம் வரும்போது குரலைக் கூட்டவே மாட்டாள், குறைப்பாள். காது கேட்கவில்லையே என்று ஜனம் தானாக நெருக்கியடித்து நிற்கும். பிறகு பின்வரிசைக்காரன் தும்மினாலும் முன்வரிசை அலறும்.

முதலில் நிலவறை. 1788-இல் திறந்த பாலம் அது, சவுத் பிரிட்ஜ். பத்தொன்பது வளைவுகள், இப்போது வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, மற்றவை கட்டடங்களுக்குள் புதைந்துவிட்டன. வளைவுகளுக்குள் அறை அறையாகத் தடுத்துச் செருப்புத் தைப்பவர்களும் வியாபாரிகளும் சரக்கு வைத்திருந்தார்கள். மேலே இருந்து தண்ணீர் ஒழுகி எல்லாம் பாழாக, அவர்கள் காலி செய்தார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் குடியேறினார்கள். ஜன்னல் கிடையாது, கழிப்பிடம் கிடையாது. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், இன்றைக்கும் ஈரம். இந்த இருட்டில் எத்தனை பெண்கள் பிள்ளை பெற்றிருப்பார்கள் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது. வழிகாட்டிப் பெண் அதைச் சொல்லவில்லை. பூட்ஸ் போட்ட ஒருவன் நடமாடுகிறான் என்றாள். எனக்கு உடனே நம் விடுதியின் இரண்டாம் மாடி ஞாபகம் வந்து, டக் டக் என்று நீ நடந்து காட்டியதும் ஞாபகம் வந்து, சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அங்கேதான் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். ஒருவரும் அசையவில்லை, இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்தார்கள் போல. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தரையில் படுக்கவைத்து, காலை என் தோள்பையின் மேல் தூக்கிவைத்தேன். நாடி மெதுவாக, ஒழுங்காகத்தான் இருந்தது. கழுத்தில் மப்ளர் மூன்று சுற்று. அவிழ்த்ததும் கண்ணைத் திறந்து, "யாரோ கழுத்தை நெரித்தார்கள்" என்றாள். மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். தடிமனான கோட்டு, காற்றில்லாத அறை, நெருக்கமான கூட்டம், நின்ற இடத்திலேயே நிற்கிற நிலை. பிரார்த்தனை நேரத்தில் வரிசையாக விழுவோமே, அதேதான். பையிலிருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். நான் எழுந்திருப்பதற்குள் வழிகாட்டிப் பெண், "இந்த அறையில் கழுத்தைப் பிடிப்பதாகச் சொன்னது இவர் மட்டும் அல்ல" என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த கூட்டத்துக்கு இந்தப் பெண்ணும் கதையாகப் போயிருப்பாள். கடலை மிட்டாய் கதையில் வராது.

இதை வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். ரிச்சர்ட் வைஸ்மன் என்கிற உளவியல் பேராசிரியர் 2001-இல் இதே நிலவறைகளுக்குள் 200-க்கும் மேற்பட்டவர்களை அனுப்பினாராம். எந்த அறைக்குப் பேய்ப் பெயர் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் பெயர் வாங்கிய அறைகளில்தான் அதிகம் பேருக்குக் குளிரடித்தது, யாரோ பார்ப்பது போல் இருந்தது. அறையின் அளவு, வெளிச்சம் இவற்றோடுதான் அது பொருந்தி வந்தது என்று எழுதினாராம். நம் நான்காம் வார்டுக் கோடியில் அந்த ஒற்றைப் பல்பை மாற்றியதும் பேய் போய்விட்டது. அதை நாம் எங்கேயும் எழுதவில்லை.

பிறகு கல்லறைத் தோட்டம், கிரேஃபிரையர்ஸ். அங்கே பெரிய பேர் மெக்கன்ஸி. அரசாங்க வழக்கறிஞர், 1691-இல் செத்தவர். ராஜா சொன்ன திருச்சபை முறைக்குக் கட்டுப்பட மறுத்தவர்களை வழக்குப் போட்டுத் தொலைத்ததால் 'ரத்த மெக்கன்ஸி' என்று பட்டம். 1679-இல் போரில் பிடிபட்ட அப்படிப்பட்டவர்கள் சுமார் 1,200 பேரை இதே தோட்டத்தை ஒட்டிய திறந்த வெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். கொன்றவரும் செத்தவர்களும் ஒரே வளாகத்தில். 1990-களின் கடைசியில் வீடில்லாத ஒருவர் மழைக்கு ஒதுங்க மெக்கன்ஸியின் கல்லறை மண்டபத்தை உடைத்து உள்ளே போனாராம். அன்றிலிருந்து வருகிறவர்களுக்குக் கீறல், காயம், மயக்கம். பேய் பார்க்கக் கூட்டிப்போகிற தொழிலும் அதற்குப் பிறகுதான் அங்கே ஆரம்பித்தது. கீறல்களை டார்ச் அடித்துக் காட்டினார்கள். ஒன்று நிச்சயமாக முள்செடி.

இந்த விஷயம் சம்பந்தியம்மாள் காதுக்குப் போய்விட்டது. பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டிலிருந்து ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போனாளா என்று போனில் ஒரே கூப்பாடு. "சுடுகாடு இல்லை அண்ணி, கல்லறை" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. வாசலில் காலைக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட்டேன் என்று சத்தியம் செய்தேன். நிஜமாகவே அப்படித்தான் செய்தேன், அதை நீ யாரிடமும் சொல்லாதே.

பகலில் மேரி கிங் சந்துக்கும் போனோம். 18-ஆம் நூற்றாண்டில் அதன் தலைமேல் பெரிய கட்டடம் எழுப்பியதால் தெருவே நிலத்துக்கு அடியில் போய்விட்டது. 1645-இல் பிளேக் வந்தபோது இங்கே இருந்தவர்களை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள் என்று ஊரெல்லாம் கதை. பொய்! நோய் கண்ட வீட்டை அடைத்துவைத்து, சாப்பாடும் கரியும் அனுப்பினார்கள். ஜார்ஜ் ரே என்கிற மருத்துவர் தோல் அங்கியும் பறவை மூக்கு முகமூடியும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கட்டியைக் கீறி, பழுக்கக் காய்ச்சின இரும்பால் சுட்டு மூடினார். இவரும் சீக்கிரம் செத்துவிடுவார் என்று நகரசபை தாராளமாகச் சம்பளம் பேசியதாம். அவர் சாகவில்லை. பாக்கியைக் கேட்டு அலைந்தார். நம் அரியர்ஸ் ஞாபகம் வருகிறதா? இத்தனை நல்ல கதை இருக்க, அங்கே கூட்டம் மொய்ப்பது ஒரு மூலையில் குவிந்து கிடக்கிற பொம்மைகளைச் சுற்றி. 1992-இல் ஜப்பானிலிருந்து வந்த குறிகாரி ஒருத்தி, இங்கே ஒரு சிறுமி பொம்மையைத் தொலைத்துவிட்டு அழுகிறாள் என்றாளாம். அன்றிலிருந்து உலகமே பொம்மை கொண்டுவந்து போடுகிறது.

கோட்டை வாசலுக்குக் கிட்டே சூனியக்காரிகளுக்கு என்று ஒரு சின்ன நீரூற்று இருக்கிறது, நின்று தேடினால்தான் கண்ணில் படும். அந்தக் குன்றில் கொல்லப்பட்டவர்களில் ஆக்னஸ் சாம்ப்சனும் ஒருத்தி, 1591. பிரசவம் பார்ப்பவள், குண்டு. நம் தொழில். ராஜாவே உட்கார்ந்து விசாரித்தான்; கழுத்தை நெரித்து, பிறகு எரித்தார்கள். 2022-இல்தான் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் இவர்கள் எல்லோருக்குமாக மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன்? சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

கிரேஃபிரையர்ஸில் சில கல்லறைகளின் மேல் இரும்புக் கூண்டு. செத்தவன் வெளியே வராமல் இருக்கவா என்று ஒரு பையன் கேட்டான். வெளியே இருக்கிறவன் உள்ளே வராமல் இருக்க. அந்தக் காலத்தில் இங்கே வைத்தியம் படிக்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள், அறுத்துப் படிக்க உடல் போதவில்லை. புதைத்த ராத்திரியே தோண்டி எடுத்து விற்றார்கள். பர்க், ஹேர் என்று இரண்டு பேர் தோண்டுகிற சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஹேரின் விடுதியில் வாடகை பாக்கியோடு ஒரு கிழவர் நோயில் செத்துப்போனார். அவர் உடலை டாக்டர் நாக்ஸின் உடற்கூறியல் பள்ளியில் ஏழரைப் பவுண்டுக்கு விற்றார்கள். ருசி கண்டுவிட்டார்கள். பிறகு பதினாறு பேர், பெரும்பாலும் 1828 என்ற ஒரே வருடத்துக்குள். சாராயம் கொடுத்து, மூச்சை அடைத்து. தேடி வர ஆள் இல்லாதவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். அதில் ஒருவன் ஜேமி, புத்தி கொஞ்சம் மந்தம், கால் வளைந்தவன், தெருவில் எல்லோருக்கும் பழக்கம். மேசையில் துணியை விலக்கியதும் மாணவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இது அவன் இல்லை என்றாராம் நாக்ஸ். தலையும் பாதமும் சீக்கிரமே வெட்டி எடுக்கப்பட்டன என்கிறார்கள். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கில் போட்டு, அவனையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவன் தோலில் செய்த சின்னப் பையை அறுவை மருத்துவர்கள் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். பழுப்பு நிறம், ஓரம் தேய்ந்து, நம் பஸ் பாஸ் வைக்கிற உறை அளவு. ஹேர் காட்டிக்கொடுத்துத் தப்பித்தான். நாக்ஸ் மேல் வழக்கே இல்லை.

ஜேமி கதையை அந்தப் பெண் சொன்னபோது கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பதினோராம் கட்டில் தாத்தாவை மறந்திருக்க மாட்டாய். பிரட்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்து, வார்டு சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் உனக்குத் தருவார். செத்தபோது யாரும் வரவில்லை. அட்டையில் ஊர்ப் பெயர்கூட இல்லை. அனாடமி ஹாலுக்கு நம்மை அழைத்துப்போன அன்று நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய். உனக்குப் பிணம் என்றால் பயம் என்று செட் முழுக்கச் சிரித்தது. பார்மலின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீயும் சொன்னாய். நான் பார்த்துவிட்டேன், குண்டு. அந்தக் காது எனக்கும் தெரியும். இத்தனை வருடம் நாம் அதைப் பேசியதே இல்லை.

இங்கே கொலைகள் வெளியே வந்த பிறகு 1832-இல் சட்டம் போட்டார்கள். ஏழைகள் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் செத்து, கேட்பாரில்லாமல் கிடக்கிற உடலை வைத்தியப் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று. கல்லறைத் திருட்டு ஓய்ந்தது. நம் ஊரிலும் அதே போக்கில்தான் சட்டம். தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் எதில் படிப்பார்கள்? ஆனால் எப்போதும் பதினோராம் கட்டிலையே படித்துக்கொண்டிருந்தால் எப்படி? பென்ஷன் வாங்குகிற, பிள்ளை குட்டி இருக்கிற, எரிக்க நாலு பேர் வருகிற நம்மைப் போன்றவர்களும் போய்ப் படுத்தால் என்ன?

நான் முடிவு செய்துவிட்டேன். ஊருக்கு வந்ததும் உடலை எழுதிக்கொடுக்கப் போகிறேன். நீ ஒரு வேலை செய். நாம் படித்த இடத்திலேயே, உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி வை. எத்தனை சாட்சிக் கையெழுத்து, வீட்டார் சம்மதம் எப்படித் தர வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. கண்ணை முதலில் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ஆட்சேபம் உண்டா என்றும் கேள். முதல் சாட்சி நீ. உன்னையும் எழுதிக்கொடு என்று நான் சொல்லவில்லை. உன் அளவுக்கு மேசை இருக்கிறதா என்று முதலில் அவர்கள் பார்க்க வேண்டும்.

பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை. பால் கொடுக்கிறவள், இப்போது வேண்டாம். அதனால் போன் செய்யாதே, ஸ்பீக்கரில் போட்டுத்தான் இந்த வீட்டில் பேசுகிறார்கள். கடிதமாகவே எழுது, உறையை நன்றாக ஒட்டு.

உன்
நெட்டை