குடியிருப்போர் நலச் சங்கம், கே.புதூர் - செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்தவங்க கேட்டுட்டாங்க, வராதவங்கதான் நிறைய, அதனால குரூப்லயும் போடுறேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

சுதந்திர தினம், குடியரசு தினம் கொடியேத்தம் நடந்துச்சு. பொங்கலுக்குக் கோலப்போட்டி வச்சோம். மெயின் தெரு விளக்கு எரியுது, மூணாவது தெரு சாக்கடைக்கு மனு குடுத்தது அப்படியே கெடக்கு. செயற்குழு கூட்டம் நடத்தத் தேவையான ஆளே (கோரம்) பல மாசம் சேரல.

இனி பந்தல் விஷயம். இதப்பத்தி தெருவுல என்னென்னமோ பேசுறாங்க, அதனால நடந்தத நடந்தபடி எழுதுறேன்.

அழகர் எதிர்சேவைக்கு நம்ம சங்கம் வருசாவருசம் நீர்மோர் பந்தல் போடுறது தெரியும். இந்தத் தடவ ஒரு சிகரெட் ஏஜென்சிக்காரர் வந்து சாமியானா, மோர், பானகம், ஜனங்களுக்கு அட்டை விசிறி எல்லாச் செலவும் எங்களோடதுன்னாரு. போன்ல டிசைன் காட்டுனாரு. சிகரெட் படம் இல்ல, பிராண்டு பேரும் இல்ல, ஆனா விசிறில இருந்த கலரும் குறுக்குக் கோடும் அந்தப் பாக்கெட்டுல இருக்குறது அப்படியே. "பேரே போடலயே சார்"ங்கிறாரு. பேரு போடாம எதுக்கு இம்புட்டு செலவு பண்றீங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. 2003 புகையிலைச் சட்டம் 5வது பிரிவு விளம்பரத்தையும் ஸ்பான்சர்ஷிப்பையும் தடுக்குது, வேணாம்னு சொல்லிட்டேன். தலைவரும் கூட இருந்தாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பெருசு. ஸ்கூல் கேட்டுல இருந்து பத்து எட்டுல ஒரு பெட்டிக்கடை, பாத்திருப்பீங்க. தேன் மிட்டாய் ஜாடிக்கு நேர் பின்னாடி சிகரெட் ரேக்கு, அஞ்சாப்பு புள்ள கண்ணு உயரத்துக்கு. பத்த வைக்க ஓரமா கயித்துல லைட்டர் தொங்குது. கல்வி நிலையத்துக்கு 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாதுன்னு 6வது பிரிவுலயே இருக்கு. அந்தக் கடைல சிகரெட்ட எடுக்கச் சொல்லி நாம குடுத்த மனு ஏரியா சபைல, அதான் வார்டு ஜனங்க கூடிக் குறை சொல்ற கூட்டத்துல, வந்தப்ப, வியாபாரிங்க சார்பா எந்திரிச்சுப் பேசுனது யாருன்னு நெனைக்கிறீங்க, அதே ஏஜென்சி ஆளு. சின்ன வியாபாரி பொழப்பக் கெடுக்காதீங்கன்னு உருக்கமா பேசுனாரு. கடைய மூடச் சொல்லி யாருமே கேக்கல, சிகரெட்ட மட்டும் எடுக்கச் சொன்னோம். அவரோட மோர் அன்னிக்கு நம்ம பந்தல்ல ஊத்தியிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மனுவுக்காக எந்திரிச்சுப் பேசியிருப்பேன், நீங்களே சொல்லுங்க.

இது புதூருக்கு மட்டும் வந்த தலைவலி இல்ல. 1998ல அமெரிக்க வழக்குகள்னால சிகரெட் கம்பெனிகளோட உள் காகிதம் லட்சக்கணக்குல வெளிய வந்துச்சு, அத வச்சு 2000ல ஒரு நிபுணர் குழு, உலக சுகாதார நிறுவனத்தோட வேலையையே இவங்க உள்ள புகுந்து கெடுக்கப் பாத்தாங்கன்னு அறிக்கை குடுத்துச்சு. அப்புறம் வந்த உலக புகையிலைக் கட்டுப்பாடு ஒப்பந்தத்துல 5.3னு ஒரு பிரிவு இருக்கு, சுகாதாரக் கொள்கை போடுறப்ப புகையிலைத் தொழிலோட லாப நோக்கு அதுல புகாம அரசு காப்பாத்தணும்னு. இந்தியா 2004லயே ஒப்புதல் குடுத்த ஒப்பந்தம். 2008ல அதுக்கு வழிகாட்டு நெறியும் வந்துச்சு: அவங்களோட சந்திப்பு அவசியம்னா மட்டும், அதுவும் வெளிப்படையா, கூட்டு வேண்டாம், நன்கொடை வேண்டாம், சமூக சேவைன்னு அவங்க பண்றத அங்கீகரிக்க வேண்டாம். 2020ல மத்திய சுகாதார அமைச்சகம் தன் அதிகாரிகளுக்கே இதுக்கு நடத்தை விதி போட்டுச்சு.

சிகரெட், பீடி பாக்கெட்டுல 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் எழுத்தும் 2015 ஏப்ரல்ல வந்திருக்க வேண்டியது. ஒரு பார்லிமென்ட் கமிட்டி தள்ளி வைங்கன்னு சொல்லுச்சு, அந்தக் கமிட்டில பீடித் தொழில் பண்ற எம்.பி.யே ஒருத்தர் உறுப்பினர். ஒரு வருசம் போயி 2016 ஏப்ரல்லதான் வந்துச்சு, அப்பவும் பெரிய கம்பெனிங்க பேக்டரிய மூடி வச்சு எதிர்ப்பு காட்டுனாங்க. டில்லிலயே அப்படின்னா ஏரியா சபைல நாம எவ்வளவு முழிப்பா இருக்கணும்.

அதனாலதான் நான் தீர்மானம் கொண்டு வந்தேன்: புகையிலை கம்பெனி, ஏஜென்சி, விநியோகஸ்தர் யார்கிட்டயும் சங்கம் காசோ பொருளோ வாங்காது, அந்த வியாபாரத்துல இருக்கவங்க சங்கப் பொறுப்புல இருந்தா எழுதிக் குடுக்கணும், புகையிலை சம்பந்தமா பேசுறப்ப அவங்க வெளிய இருக்கணும். வந்திருந்தவங்க எல்லாரும் கை தூக்குனாங்க, மினிட் புக்குல இருக்கு.

சில பேருக்குக் கோபம். "காசு காசுதானண்ணே, மோர்ல புகையா வருது?"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. இன்னொரு அக்கா, தென்காசிப் பக்கம் எங்க சொந்தமெல்லாம் பீடி சுத்தித்தான் சாப்பிடுதுன்னாங்க. அக்கா சொன்னது நியாயமான கவலை. அதே ஒப்பந்தத்துல 17வது பிரிவு தொழிலாளிக்கு மாற்றுத் தொழிலுக்கு உதவணும்னு சொல்லுது, அத அரசுகிட்டக் கேக்க சங்கம் கூட நிக்கும். ஆனா பீடி சுத்துற பொம்பளைய முன்னாடி நிறுத்திட்டு பின்னாடி கம்பெனி ஒளிஞ்சுக்கிறத ஏத்துக்க முடியாது. பெரியாஸ்பத்திரி கேன்சர் வார்டுல வாய்க்குள்ள ட்யூப் போட்டுக் கெடக்குறவங்களப் பாத்துட்டு வந்தவன் நான், எங்க பெரியப்பா அங்கதான் தவறிப்போனாரு.

பந்தல் போட்டோம். சாமியானா சின்னது, விசிறி இல்ல, மோர் மத்தியானத்துக்கு மேல தீந்துருச்சு. ஆனா அது நம்ம காசு.

அதுக்கப்புறம் கொஞ்சம் பேரு சந்தாவ நிறுத்திட்டாங்க. கேட்டா பந்தலுக்கு வந்த காச விட்டவர்கிட்ட வாங்கிக்கங்கன்னு சொல்றாங்களாம். மாசம் ஐம்பது ரூபா சங்கத்துக்குத்தான, எனக்கா குடுக்குறீங்க? தெருவிளக்குக்கு மனு போடுறப்ப ஒங்க வீட்டு வாசலையும் சேத்துத்தான் போட்டேன்.

கணக்கு: வரவை விட செலவு கொஞ்சம் கூட, முந்தின வருச இருப்புல சரிக்கட்டியாச்சு. விவரம் பொருளாளர்கிட்ட இருக்கு, ரசீதெல்லாம் சரியா வச்சிருக்காரு. தணிக்கை பாத்துக் குடுத்த சாருக்கும், தலைவர், துணைத்தலைவருக்கும், கோலப்பொடி குடுத்தவங்களுக்கும், ஆபீஸ் ரூமுக்கு வாடகை வாங்காத அம்மாவுக்கும் நன்றி.

அடுத்த வருசம் அந்த பெட்டிக்கடை மனு மறுபடி போகுது. ஏரியா சபைக்கு நான் ஒத்த ஆளா போயி நின்னா வேலைக்காகாது, தெருவுக்கு ரெண்டு பேராவது வரணும், ஸ்கூல்ல புள்ள படிக்கிறவங்க கட்டாயம் வாங்க. பந்தலுக்கு வீட்டுக்கு இம்புட்டுன்னு பொருளாளர் வருவாரு, முகஞ்சுளிக்காம குடுங்க. சந்தா பாக்கி இருக்கவங்க பேர இங்க எழுதல, ஜிபேலயும் போடலாம். செயலாளர் பொறுப்ப வேற யாரு எடுக்குறேன்னாலும் மினிட் புக்கையும் சாவியையும் அன்னிக்கே ஒப்படைக்கிறேன், அந்தத் தீர்மானத்த மாத்த மாட்டேன்னு பொதுக்குழுல சொல்லிட்டு வாங்கிக்கட்டும்.